தட்டினால் ‘பொத்’ என்று கேட்ட கல்

கடலூர்க்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று பெண் கொடுக்கும் முன்பே என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலை என்றால் கேப்பர் மலை. செம்மண்ணும் மணற்கல்லுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். அதை மலை என்று சொன்னால் செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நான் இருபத்தாறு வருஷம் மலையில்தான் சம்பாதித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் பாறைகளைத் தட்டிப் பார்ப்பது, இறக்க வேண்டியதை இறக்குவது, இறக்க முடியாததைக் கம்பி வலை போட்டுக் கட்டுவது. முதலில் கயிற்றில் தொங்குகிற ஆள். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசர். முட்டி தேய்ந்த பிறகு மஞ்சக்குப்பத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவில் டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். கரண்ட் இல்லாத வீட்டில், சார்ஜ் தீரப்போகிற போனில், அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைப் பிடுங்கி அரிசி டின் மேல் வைத்துவிட்டாள்.

மழை பாறையைத் தள்ளிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பத்து யானை கனமுள்ள கல்லை மழைத்துளி என்ன செய்யும்? அது கல்லை விட்டுவிட்டுக் கல் உட்கார்ந்திருக்கும் மண்ணைப் பிடிக்கிறது. அடியில் இருக்கும் மண் ஊறிக் குழம்பாகிறது. பின்பக்கத்து வெடிப்பில் தண்ணீர் நிறைந்து கல்லை முன்னால் நெம்புகிறது. ஆயிரம் வருஷம் அசையாமல் இருந்த கல், ஒரு மழையில் முக்கால் அங்குலம் நகரும். அடுத்த மழையில் இன்னும் அரை அங்குலம். அப்புறம் ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் கிளம்பிவிடும்.

பிப்ரவரியில் பேத்திக்குப் பரீட்சை முடிந்த ஒரு சனிக்கிழமை, செஞ்சிக்குப் போகலாம் என்றேன். பண்ருட்டியில் மச்சானை ஏற்றிக்கொண்டோம். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறான். வண்டியில் அவன் இருந்தால் ரேடியோ தேவையில்லை. 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேசிக்கொண்டார்களாம். அந்த மராத்தியர் அப்போது இருந்தது செஞ்சியில். “நம்ம ஊர் குண்டு சாலைக்கு அதனாலதான் மாமா அந்தப் பேரு” என்றான். நூறு தடவை சொல்லியிருக்கிறான். பேத்திக்கு முதல் தடவை என்பதால் விட்டுவிட்டேன்.

விழுப்புரம் தாண்டி, வழியில் மண்டகப்பட்டில் இறங்கினோம். மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த கோயில். ஒரே பாறைக்குள் மூன்று கருவறை, வெளியே இரண்டு பக்கமும் வாயிற்காவலர். அங்கே உள்ள கல்வெட்டை மச்சான் வாய்ப்பாடு போல ஒப்பித்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று அந்த ராஜா பெருமையடித்துக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் மாமா என்றான். என் தொழிலே அந்தப் பட்டியலில் கடைசி இரண்டுதானே. பாறையில் ஓட்டை போட்டு இரும்புக் கம்பியை இறக்கு, சுற்றிலும் சிமெண்ட் பாலை ஊற்று. அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய உலோகத்தையும் சுதையையும் வைத்துத்தான் நான் இருபத்தாறு வருஷம் சோறு சாப்பிட்டேன்.

அந்த நினைப்பு செஞ்சி போகும்வரை கூடவே வந்தது.

செஞ்சியைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு ராட்சசப் பையன் கோலிக்குண்டைக் குவித்து வைத்த மாதிரி இருக்கும். யாரும் குவிக்கவில்லை. ஒரு காலத்தில் அது முழுப் பாறை. பூமிக்கு அடியில் இருக்கும்போதே குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு விட்டு, வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, கட்டத்தின் மூலைகளையெல்லாம் தின்றுவிட்டது. உளுந்து வடையின் ஓரம் எண்ணெயில் முதலில் கருகுகிற மாதிரி, மூலைக்குத்தான் முதல் அடி. மேல் மண் அரித்துப் போனபின், உள்ளே உருண்டையாக மிஞ்சியவை ஒன்றின் மேல் ஒன்றாக வெளியே தெரிகின்றன. அதாவது ஒவ்வொரு குண்டுக்கல்லும் அது பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது. அதற்காக எல்லாம் நிற்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. அடிவாரத்தில் வயலோரம் கிடக்கும் கற்களைப் பார்த்தாலே, ஒரு காலத்தில் மேலே இருந்து இறங்கி வந்தவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும்.

ராஜகிரி படி ஏறினோம். 800 அடி உயரம். என் முட்டிக்கு அது அதிகம். பாதி வழியில் ஒரு பெரிய கல் பாதையின் மேல் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துக்கொண்டிருந்தது. குரங்குகள் ஒரு மரியாதையான தூரத்தில் காத்திருந்தன. நான் என்னை அறியாமல் கைத்தடியால் அந்தக் கல்லின் ஓரத்தைத் தட்டினேன். ‘கணீர்’ என்றது. இரண்டடி தள்ளித் தட்டினேன். கணீர். இன்னும் தள்ளி, ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில், ‘பொத்’ என்றது. பழைய வேலைக்காரனுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் கழுத்து மயிர் சிலிர்க்கும். உள்ளே கல் கல்லோடு இல்லை, நடுவில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

“ஐயா, தட்டாதீங்க” என்று மேலேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார். அவர் சொன்னது சரி. நினைவுச் சின்னத்தைத் தடியால் தட்டிக்கொண்டு போவது என்ன பழக்கம்? மன்னிப்புக் கேட்டேன்.

பேத்தி கேட்டாள். “தாத்தா, இது விழுமா?”

“இன்னிக்கு விழாது.”

“நாளைக்கு?”

இந்தக் கேள்விக்கு எந்த இன்ஜினியரும் பதில் சொன்னதில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கருங்கல் சுமார் 2.7 டன். அது 30 மீட்டர் நேராக விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 87 கி.மீ. வேகம். பத்து டன் லாரி 45 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதும் இதுவும் ஒன்று. அங்கே நீட்டிக்கொண்டிருந்தது அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. கணக்கைப் பேத்தியிடம் சொல்லவில்லை. புளிசாதக் குடும்பத்திடம், நூறு அடி தள்ளிப் புங்க மர நிழல் இருக்கிறது, அங்கே காற்றும் நன்றாக வருகிறது என்றேன். போனார்கள்.

இதே கல் ஒரு மலைப்பாதைச் சாலைக்கு மேல் இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் போதும். முதல் நாள் கயிறு கட்டி இறங்கி, கடப்பாரை போட்டு நெம்பி, தளர்ந்த சில்லுகளையெல்லாம் தட்டி இறக்குவோம். அதை ஸ்கேலிங் என்போம். பெரிதாக இருந்தால் ரசாயனக் குழம்பை ஓட்டையில் ஊற்றி, வெடிச் சத்தம் இல்லாமல் பிளந்து எடுப்போம். எடுக்க முடியாததற்கு ராக் போல்ட், அதாவது பாறைக்குள் இறக்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பி. அதுவும் போதாதென்றால் மேலேயிருந்து கீழ்வரை வலை. கீழே ஒரு பள்ளம், பள்ளத்துக்கு முன்னால் வேலி. அந்த வேலி முறுக்கிக்கொண்டு நிற்காது. கல் வந்து மோதினால் பிரேக் மாதிரி கம்பி இழுபட்டு வளைந்து வேகத்தைத் தின்னும். எல்லாம் நல்ல சாமான்கள். உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

செஞ்சியில் எதை இறக்குவது? கோட்டை கட்டினவர்கள் குண்டுக்கல்லுக்கும் குண்டுக்கல்லுக்கும் நடுவில் சுவரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் பாறைதான் மதில், மதில்தான் பாறை. ஒரு கல்லை எடுத்தால் கோட்டையில் ஓட்டை விழும். இதைவிடக் கஷ்டமான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநாதர்குன்று. மதியம் அங்கே போனோம். ஒரு பெரிய குண்டுக்கல்லின் முகத்தில் இரண்டு வரிசையாகச் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள். அந்தக் குன்றில்தான் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்டதைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து கல்லில் கிடைத்த மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று என்று மச்சான் சொன்னான். ஐம்பத்தேழுக்கு முதல் எழுத்து அதுதானே.

நான் கல்லைச் சுற்றி வந்தேன். தடியை வண்டியிலேயே வைத்துவிட்டேன். சாலையில் எங்களுக்கு இரண்டு பொருள் உண்டு. விழக்கூடிய கல் ஒன்று, காப்பாற்ற வேண்டிய சாலை ஒன்று. இங்கே இரண்டும் ஒரே பொருள். இந்தக் கல்லில் போல்ட் அடித்தால் சிற்பத்தில் அடித்த மாதிரி. வலை போர்த்தினால் தீர்த்தங்கரர்களைக் கோழிக்கூண்டில் அடைத்த மாதிரி. சும்மா விட்டாலோ, ஒரு நாள் ஓர் இலையளவு தோல் உரிந்து விழும். அந்தத் தோலில்தான் எழுத்தே இருக்கிறது. கருங்கல் வெங்காயம் மாதிரி உரியும். பகலில் வெயிலில் காய்ந்து ராத்திரி குளிர்ந்து, மேல் தோல் உள்ளேயிருந்து விட்டுப்போகும். கீழே நெருப்பு மூட்டினால் இன்னும் சீக்கிரம். அந்தக் காலத்தில் கல்லை உடைக்கவே நெருப்பு வைத்தார்கள். பாறை நிழலில் பிரியாணி சமைக்கிற கோஷ்டிகளைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் வேறு யாருக்கும் புரிவதில்லை.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூப்பர்வைசர் ஆன இரண்டாம் வருஷம், ஒரு கணவாய்ச் சாலைக்கு மேல் பெரிய பலகைப் பாறை. அதற்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் நெருக்கினார்கள். நான் வெடிப்பு முழுக்கச் சிமெண்ட் அடைத்து, மேலே பூசி, சுத்தமாக, பார்க்க அழகாக முடித்தேன். பாராட்டினார்கள். தண்ணீர் வெளியே வர ஓட்டை விடவில்லை. ஆடியில் மழை பிடித்தது. மேலிருந்து இறங்கிய தண்ணீர் நான் போட்ட சிமெண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஒரு ராத்திரி பலகை கிளம்பிவிட்டது. கீழே ஒரு டீக்கடையின் கூரை போனது. கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது, உடைந்த பாய்லரைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்லவேளை, அடுப்பு பற்ற வைக்கலை” என்றார். அவர் சொன்னது இந்தியில். எனக்கு இன்றைக்கும் தமிழில்தான் கேட்கிறது.

அதற்குப் பிறகு எந்தப் பாறையைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். ஜோர்டான் நாட்டில் மலையைக் குடைந்து பெட்ரா நகரத்தை அமைத்த நபத்தேயர்கள் என்ற பழங்கால மக்கள் அதைத்தான் செய்தார்கள். குறுகிய மலை இடுக்குக்குள் வெள்ளம் நுழையாமல் வாசலிலேயே அணை கட்டிச் சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அது தூர்ந்துபோய், 1963-இல் வெள்ளம் புகுந்து பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம்தான் அணையை மறுபடி கட்டினார்கள். செஞ்சிக் கோட்டையிலும் குளமும் வாய்க்காலும் சுனையும் மலை முழுக்க இருக்கின்றன. முற்றுகை நேரத்துக் குடிதண்ணீருக்கு என்று மச்சான் சொல்வான். அது சரி. ஆனால் மலையில் விழுகிற மழை கண்ட வெடிப்பிலும் இறங்காமல் போகும் வழியும் அதுதான். மலைமேல் ஒரு பழைய வாய்க்காலைத் தூர் எடுத்தால், பத்து போல்ட் அடித்ததற்குச் சமம் என்பேன்.

கிரேக்க நாட்டில் டெல்ஃபி என்று ஒரு கோயில் தலம். கி.மு. 480-இல் பாரசீகப் படை கொள்ளையடிக்க வந்தபோது, பர்னாசஸ் மலையிலிருந்து பாறைகள் உருண்டு அவர்களை விரட்டின என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பாறைகள் தன் காலத்திலும் அத்தீனா கோயில் வளாகத்தில் கிடந்தன என்கிறார். தெய்வமே கல் எறிந்தது என்று அவர்கள் நம்பினார்கள். 1905-இல் அதே அத்தீனா கோயிலின் மேல் மறுபடி பாறை விழுந்து, நின்றுகொண்டிருந்த தூண்களைச் சாய்த்தது. இந்தத் தடவை பாரசீகர்கள் யாரும் வரவில்லை. மலைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

ஆப்கானிஸ்தானில் பாமியானில் 2001-இல் புத்தர் சிலைகளைத் தகர்த்தார்களே, அந்த வெடியில் சிலைகள் போனதோடு நிற்கவில்லை. சிலை நின்ற மாடங்களின் பாறையும் விண்டுபோய் எந்த நேரமும் சரியும் நிலையில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஆட்கள் கயிற்றில் தொங்கி, எஃகுக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டி, அப்புறம் ஆங்கர் இறக்கிப் பிடித்தார்கள். கீழே நிற்கப் பயந்து மேலிருந்தே வேலை செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. என் ஜாதித் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளலாம், ஜாதி என்றால் கயிறு ஜாதி. சீனாவில் துன்ஹுவாங் குகைகளுக்கு 1960-களில் கல்லும் கான்கிரீட்டுமாக முட்டுக் கொடுத்தார்கள். ஓவியங்கள் பிழைத்தன. ஆனால் மலைமுகம் இன்றைக்கு ஏதோ பழைய குடியிருப்பு வளாகம் மாதிரி இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பாராட்டவும் வரவில்லை.

திருநாதர்குன்றில் ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். இந்தப் பக்கம் எந்தக் கல்லாவது நகர்ந்திருக்கிறதா அம்மா என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“பெரிய கல்லெல்லாம் எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படியேதான்யா நிக்குது. இந்தப் புயலுக்கு அதோ, அந்தச் சின்னக் கல்லு ரெண்டும் எறங்கிடுச்சு. முந்தி அந்தச் சந்துல ஆட்டுக்குட்டி நொழைஞ்சி போவும். இப்ப போவாது.”

குட்டி நுழையும், இப்போது நுழையாது. வெடிப்பை அளக்க நாங்கள் கண்ணாடிப் பட்டையை இரண்டு பக்கமும் ஒட்டி வைப்போம். பாறை துளி அசைந்தாலும் கண்ணாடி உடையும். இப்போது லேசர் வைத்து மலையையே அளக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மலையைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, மாதம் ஏதாவது கையில் கொடுத்தால், அதைவிட மலிவான கருவி கிடையாது. அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாதாம். பேரன் எழுதுவான் என்றார். பேரன் ஒன்பதாவது படிக்கிறான்.

இன்னொன்று குவாரி. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு எதுவும் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெடியின் அதிர்ச்சிக்குச் சட்டம் தெரியாது. ஏற்கெனவே ‘பொத்’ என்று கேட்கிற கல்லுக்கு, தூரத்தில் போடும் வெடியும் நெம்புகோல்தான். இந்த வட்டாரத்தில் கருங்கல்லுக்கு விலை உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

திரும்பும்போது பேத்தி ஐஸ்கிரீமுக்காகப் புதுச்சேரி வழியாகப் போகச் சொன்னாள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தவை. மச்சான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, “இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும் மாமா? தலைக்கு மேல ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது” என்றான். உப்புக்காற்று இருக்கிறது என்றேன். விடமாட்டீங்களே என்றான்.

2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான், மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். ஆகஸ்டில் மறுபடி போனோம், கூட்டம் கூடியிருந்தது. முதல் தடவை அந்தக் குடைக்கல்லின் வெடிப்பில் ஒரு சின்ன அரசங்கன்று முளைத்திருந்ததைப் பேத்தி போனில் படம் எடுத்திருந்தாள். அதே படியில் நின்று, அதே உயரத்தில் போனைப் பிடித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். வெடிப்பின் அகலம் கண்ணுக்குத் தெரிந்தவரை மாறவில்லை. டிசம்பரில் மழைக்குப் பிறகு மூன்றாவது படம்.

“பிடுங்கிடலாமா தாத்தா?” என்றாள். எட்டாத உயரம். எட்டினாலும் நாம் பிடுங்கக் கூடாது, வேரை முரட்டுத்தனமாக இழுத்தால் அதுவே சில்லைப் பெயர்த்துவிடும், தெரிந்தவர்கள் வந்து பக்குவமாக எடுக்க வேண்டும் என்றேன். யாருக்காவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டாள். பத்து மாதமாகச் சொல்லவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

அன்று ராத்திரி உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எந்தப் படியில், எந்தப் பக்கம், தட்டினால் என்ன சத்தம் (தட்டியதற்கு மன்னிப்பும் சேர்த்து), வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, தண்ணீர் எங்கிருந்து அதில் இறங்குகிறது. மூன்று படங்களையும் வரிசையாக வைத்தோம். படத்துக்குக் கீழே அரசங்கன்றின் இலைக் கணக்கைப் பேத்தியே தன் கையெழுத்தில் எழுதினாள்: நாலு, ஆறு, ஒன்பது.